முதிய நாயும் இரவில் நனையும் தரையும்

பத்து ஆண்டுகளாக வீட்டுக்குள் ஒரு சொட்டும் சிந்தாமல் வளர்ந்த நாய், முதுமையில் திடீரென இரவு நேரங்களில் கூடத்திலும் கட்டிலருகிலும் சிறுநீர் கழிக்கத் தொடங்குவது, நாய் வளர்க்கும் குடும்பங்களில் அரிதான நிகழ்வன்று. அதைக் காணும் வீட்டார் பெரும்பாலும் இரண்டில் ஒன்றைச் சொல்கிறார்கள்: 'வயசாயிடுச்சு, என்ன செய்ய' என்பது ஒன்று, 'வேணும்னே பண்ணுது' என்பது மற்றொன்று. இரண்டுமே விசாரணையை அந்த இடத்திலேயே முடித்துவிடும் பதில்கள். முதுமை ஒரு நோயன்று. அதன் பெயரால் விட்டுவிடப்படுபவற்றுள் மாத்திரையால் தீரக்கூடியவையும், நாள்கணக்கில் உயிரைப் பறிக்கக்கூடியவையும் ஒருங்கே இருக்கின்றன. பழிவாங்கும் நோக்கத்தோடு நாய் சிறுநீர் கழிக்கிறது என்பதற்கோ கால்நடை மருத்துவத்தில் எந்த ஆதாரமும் இல்லை.

தாம்பரத்துக்கும் பெருங்களத்தூருக்கும் இடையில், ஜி.எஸ்.டி. சாலையிலிருந்து மதுரவாயல் புறவழிச்சாலை பிரியும் இரும்புலியூர் போன்ற தென்சென்னைப் புறநகரில் இந்தச் சிக்கலுக்கு ஒரு தனி வடிவம் உண்டு. இங்குள்ள தனிவீடுகளில் இரவு பத்து மணிக்கு மரக்கதவுக்குத் தாழ்ப்பாள் போடப்படுகிறது. அதற்கு வெளியே கிரில் கேட்டுக்குப் பூட்டுத் தொங்குகிறது. சாவி சுவரில் ஆணியிலோ, வீட்டுப் பெரியவரின் தலையணைக்கு அடியிலோ இருக்கிறது. நாய் கதவைப் பிறாண்டி, ஒருவர் எழுந்து, விளக்கைப் போட்டு, சாவியைத் தேடி, இரண்டு பூட்டையும் திறப்பதற்குச் சில நிமிடங்கள் ஆகின்றன. அந்தச் சில நிமிடங்களைத் தாங்கும் சக்தி இளம் நாயின் சிறுநீர்ப்பைக்கு உண்டு. பன்னிரண்டு வயது ஸ்பிட்ஸுக்கு இல்லை. கதவு திறந்தாலும் தெருமுனையில் படுத்திருக்கும் தெருநாய்க் கூட்டம் எழுந்து குரைப்பதால், கிழ நாய் வாசற்படியிலேயே நின்றுவிட்டு, உள்ளே திரும்பிவந்து கூடத்தில் கழிக்கிறது. அடுக்குமாடிக் குடியிருப்பில் இதற்கு லிஃப்டும் கூடுகிறது.

இந்நிலையில் பல வீடுகளில் முதலில் செய்யப்படுவது மாலை ஏழு மணிக்கே தண்ணீர்க் கிண்ணத்தை எடுத்து வைத்துவிடுவது. உள்ளே போனால்தானே வெளியே வரும் என்ற கணக்கு நியாயமானதாகத் தோன்றும். நோயுற்ற முதிய நாயைப் பொறுத்தவரை அந்தக் கணக்கு தலைகீழானது. சென்னையின் சித்திரை வைகாசி வெப்பத்தில் அது ஆபத்தானதும்கூட.

காரணம் சிறுநீரகத்தின் வேலையில் இருக்கிறது. இரத்தத்தை வடிகட்டும் நுண்ணிய அலகுகளுக்கு நெஃப்ரான்கள் என்று பெயர். அவை கழிவை வெளியேற்றுவதோடு, வடித்த நீரின் பெரும்பகுதியை உடலுக்கே திருப்பியும் அனுப்புகின்றன. அவற்றில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு பழுதாகும்போது, நீரைத் திருப்பி அனுப்பிச் சிறுநீரைச் செறிவாக்கும் திறன் குன்றிவிடுகிறது. அதன்பின் சிறுநீர் தண்ணீர்போல் வெளுத்து, அளவில் மிகுந்து வெளியேற, அந்த இழப்பை ஈடுகட்டவே நாய் மேலும் மேலும் குடிக்கிறது. அதாவது, மிகுதியாகக் குடிப்பதால் அது மிகுதியாகக் கழிக்கவில்லை; மிகுதியாகக் கழிப்பதால் குடிக்கிறது. கிண்ணத்தை எடுத்துவிட்டாலும் சிறுநீர் நிற்பதில்லை. உடலின் நீர்தான் வற்றுகிறது, எஞ்சியிருக்கும் நெஃப்ரான்களும் அந்த வறட்சியில் கெடுகின்றன. இரவெல்லாம் நீரின்றிக் கிடந்த சிறுநீரக நோயுள்ள நாய் காலையில் சோர்ந்து வாந்தியெடுப்பது இப்படித்தான். 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆம் பிரிவு, போதிய உணவும் குடிநீரும் தங்குமிடமும் தராத உரிமையாளரையும், விலங்கைக் காரணமின்றிக் கைவிடுபவரையும் குற்றவாளியாகவே வரையறுக்கிறது. முதல் குற்றத்துக்கு அச்சட்டம் விதித்த அபராதம் பத்து ரூபாய் முதல் ஐம்பது ரூபாய் வரை என்பதால், அதற்கு அஞ்சி யாரும் கிண்ணத்தை நிரப்பப்போவதில்லை என்பது வேறு விஷயம்.

எடுக்கவேண்டியது கிண்ணத்தை அல்ல, அளவை. காலையில் ஒரு லிட்டர் பாட்டிலால் அளந்து ஊற்றி, மறுநாள் அதே நேரத்தில் மீந்திருப்பதைக் கழித்தால் நாய் குடித்த அளவு தெரிந்துவிடும். ஒரு நாளில் உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 100 மில்லிலிட்டருக்கு மேல் குடிப்பது மிகைத்தாகம் எனக் கொள்ளப்படுகிறது. ஆகவே 30 கிலோ லாப்ரடாருக்கு 3 லிட்டரும், 7 கிலோ ஸ்பிட்ஸுக்கு 700 மில்லிலிட்டரும் எல்லைகள். வெயில் நாளில் இளைப்பெடுக்கும் நாய் இயல்பாகவே கூடுதலாகக் குடிக்கும் என்பதாலும், உலர்தீனி தின்னும் நாய் தயிர்சாதம் தின்னும் நாயைவிட அதிகம் குடிக்கும் என்பதாலும், ஒரே நாளின் கணக்கை நம்பாமல் மூன்று நாள் பார்ப்பது நல்லது.

மிகைத்தாகம் உறுதியானால் சந்தேகப் பட்டியலில் சிறுநீரகத்தோடு வேறு சிலவும் சேர்கின்றன. நீரிழிவில், இரத்தச் சர்க்கரை ஒரு டெசிலிட்டருக்குச் சுமார் 200 மில்லிகிராமைத் தாண்டும்போது சிறுநீரில் கசியும் சர்க்கரை தன்னோடு நீரையும் இழுத்துச் செல்கிறது. குஷிங் நோய் என்பது அட்ரினல் சுரப்பி கார்ட்டிசாலை மிகுதியாகச் சுரக்கும் நிலை. தொங்கும் வயிறு, இருபக்கமும் ஒருசேர உதிரும் முடி, ஓயாத இளைப்பு ஆகியவை அதன் அடையாளங்கள். நோயே இல்லாமல் மருந்தாலும் மிகைத்தாகம் வரலாம். தோல் அரிப்புக்குத் தரப்படும் பிரெட்னிசலோன் போன்ற ஸ்டீராய்டுகளும், இதய நோய்க்குத் தரப்படும் ஃப்ரூசெமைடும் சிறுநீரைப் பெருக்குபவை. இரண்டாம் வேளை மாத்திரையை இரவு பத்து மணிக்குப் பதிலாக மாலையிலேயே கொடுக்கலாமா என்று மருத்துவரைக் கேட்பது ஒன்றே சில வீடுகளில் இரவைக் காப்பாற்றிவிடும். மருத்துவரைக் கேட்காமல் மருந்தைத் தாமாக நிறுத்துவது மட்டும் கூடாது. நீண்டநாள் தந்த ஸ்டீராய்டைத் திடீரென நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து நேரலாம்.

இவையெல்லாம் அளவு மிகுந்து கழிப்பதைப் பற்றியவை. தரை நனைவதற்கு வேறு வழிகளும் உண்டு. எந்த வழி என்பதை, துடைப்பதற்கு முன் அந்த ஈரத்தைக் கூர்ந்து பார்த்தாலே பாதி அறியலாம். நாய் படுத்த இடத்திலேயே, அதன் தொடைக்கும் வாலுக்கும் அடியில், அது அறியாமல் நனைந்திருந்தால் அது கசிவு. எழுந்தபின் தன் ஈரத்தைத் தானே முகர்ந்து திகைக்கும் நாய் இவ்வகையைச் சேர்ந்தது. கதவருகில் பெரிய குளமாக இருந்தால், நாய் வெளியே போக முயன்று முடியாமல் போயிருக்கிறது. சிறு சிறு திட்டுகளாக, சில நேரம் இரத்தச் சாயலோடு, பல இடங்களில் இருந்தால் சிறுநீர்ப்பையில் கிருமித்தொற்றோ கல்லோ இருக்கலாம். நடுக்கூடத்தில், கதவுக்கு எதிர்த்திசையில், சுவர் மூலையைப் பார்த்தபடி கழிக்கப்பட்டிருந்தால் மூளையைப் பற்றி யோசிக்கவேண்டும். மறுநாள் மருத்துவர் கேட்கப்போகும் முதல் கேள்விகளும் இவையே என்பதால், கைப்பேசியில் ஒரு படம் எடுத்து வைப்பது வீண் வேலையன்று.

தூக்கக் கசிவு கருத்தடை செய்யப்பட்ட பெட்டை நாய்களில் மிகுதி. சிறுநீர்ப்பையின் வாயை இறுக்கி மூடும் சுருக்குத்தசை, ஈஸ்ட்ரஜன் என்னும் பெண்மைச் சுரப்பு குறைவதால் தளர்ந்துவிடுவதே காரணம். அறுவை முடிந்து பல ஆண்டுகள் கழித்தும் இது தலைகாட்டலாம். தசையை இறுக்கும் மருந்துகளும், ஈஸ்ட்ரஜன் வகை மாத்திரைகளும் மருத்துவர் மேற்பார்வையில் பெரும்பாலான நாய்களுக்கு நல்ல பலன் தருகின்றன. ஆகவே இத்தகைய நாயை 'இனி அவ்வளவுதான்' என்று மொட்டைமாடிக்கு அனுப்பிவிடுவது, தீர்வு கையெட்டும் தூரத்தில் இருக்கும்போதே நாயைத் தண்டிப்பதாகும். இதைக் காரணம் காட்டிக் கருத்தடையைத் தவிர்ப்பதும் சரியன்று. கருத்தடை செய்யாத பெட்டைக்குக் காத்திருக்கும் கருப்பைச் சீழ்நோய் இதைவிடப் பன்மடங்கு கொடியது. கருத்தடை செய்யாத முதிய கடுவனுக்குப் புரோஸ்டேட் சுரப்பி வீங்குவதும் உண்டு.

மூட்டுத் தேய்மானத்தை வீட்டார் எளிதில் காண்பதில்லை, ஏனெனில் நாய் முனகுவதில்லை. அண்மைக்கால வீடுகளில் பளபளக்கும் விட்ரிஃபைட் டைல்ஸ் அதற்குப் பெரும் பகை. பின்கால்கள் வழுக்கிப் பிரிய, எழ முயன்று தோற்று மீண்டும் படுத்துவிடும் நாய், இறுதியில் படுத்தவாறே கழிக்கிறது. அதைச் சோம்பல் என்பது பிழை. படுக்கையிலிருந்து கதவு வரைக்கும் பழைய சாக்கையோ கயிற்று மிதியடிகளையோ யோகா விரிப்பையோ தொடர்ச்சியாகப் போட்டுவைத்தால் நாய் நடக்கும். பாதத்தடியில் வளர்ந்த முடியையும் நகத்தையும் வெட்டினால் பிடிமானம் கூடும். வீட்டிலிருக்கும் வலி மாத்திரைகளை மட்டும் தொடவே கூடாது: இபுபுரோஃபெனும் டைக்ளோஃபெனாக்கும் நாயின் குடலில் புண்ணையும் சிறுநீரகத்தில் பழுதையும் உண்டாக்கக்கூடியவை, அதாவது தீர்க்கவந்த நோயையே பெருக்குபவை.

மூளை முதுமையடைவதால் வரும் அறிவுத்திறன் குலைவு, மனிதரின் அல்சைமர் நோயோடு ஒப்பிடப்படுவது. மூளையில் அமிலாய்டு எனும் புரதம் படிவது இரண்டுக்கும் பொதுவானது. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாக ஆய்வாளர்கள் 2001இல் வெளியிட்ட ஆய்வில், 11 முதல் 12 வயது நாய்களில் 28 சதவீதமும், 15 முதல் 16 வயது நாய்களில் 68 சதவீதமும் இதன் அடையாளங்களுள் ஒன்றையாவது காட்டின. பகலெல்லாம் உறங்கி இரவெல்லாம் உலாவுவது, கதவின் கீல் பக்கம் போய் நின்று திறக்கக் காத்திருப்பது, பழகிய ஆளைப் பார்த்துப் புதியவரைப்போல் ஒதுங்குவது ஆகியவை அவற்றுள் சில. கற்ற கழிப்பறைப் பழக்கத்தை மறப்பதும் அவற்றுள் ஒன்றே. அமெரிக்காவில் 1998இல் இதற்கென ஒப்புதல் பெற்ற செலிஜிலின் உட்பட மருந்துகள் உண்டெனினும், வீட்டு ஒழுங்கின் பங்கு பெரிது. காலை ஆறரை மணி வெயிலில் மெதுவான நடை, மாறாத வேளைகளில் உணவு, இரவில் மங்கலான ஒரு விடிவிளக்கு, இடம் மாறாத நாற்காலிகள் என்பவை அந்தக் குழம்பிய மூளைக்குத் திசை காட்டுகின்றன. தேங்காயெண்ணெய் ஊற்றினால் மூளை தெளியும் என்ற பரவலான நம்பிக்கையை அப்படியே ஏற்பதற்கில்லை. கொழுப்பு மிகுந்தால் முதிய நாய்க்குக் கணைய அழற்சி வரக்கூடும்.

வீட்டு ஒழுங்கில் முதலில் திருத்தவேண்டியது இராச்சாப்பாட்டு நேரம். குடும்பம் ஒன்பதரைக்குச் சாப்பிட்டுவிட்டு, மீந்த ரசஞ்சாதத்தையோ தயிர்சாதத்தையோ நாய்க்கு வைத்து, மேலே ஒரு கிண்ணம் பாலும் ஊற்றிப் பத்து மணிக்குக் கதவைப் பூட்டுகிறது. குழைந்த சோறும் தயிரும் பாலும் பெரும்பகுதி நீரே. அந்த நீர் நள்ளிரவு தாண்டிச் சிறுநீர்ப்பையை வந்தடைகிறது. ரசத்தின் உப்பு தாகத்தையும் கூட்டுகிறது. அதில் வெங்காயமோ பூண்டோ இருந்தால் அவை நாய்க்கு நஞ்சு. மாலை ஆறு மணிக்கு உணவை முடித்து, பாலை நிறுத்தி, படுக்கப்போகுமுன் ஒருமுறை கட்டாயமாக வெளியே அழைத்துச் சென்றால், நாய் விரும்பும்போதெல்லாம் குடிக்கத் தண்ணீர் இருந்தும் இரவு ஈரம் குறைவதைக் காணலாம். அப்போதும் மூன்று மணிவாக்கில் தரை நனைகிறது என்றால், இரண்டரைக்கு அலாரம் வைத்து நாயை எழுப்பி அழைத்துப்போவதே வழி. பட்டென்று தொட்டு எழுப்பாமல் பெயர் சொல்லி எழுப்பவேண்டும். காது மந்தமான நாய் திடுக்கிட்டுக் கடித்துவிடக்கூடும்.

பூட்டுகளைத் திறக்கவே முடியாத வீடுகளில், கிரில்லுக்கு உள்ளேயே ஒரு கழிப்பிடம் அமைத்துத் தருவது நடைமுறைக்கு உகந்தது. நாய் தன் வாழ்நாள் முழுவதும் எதன்மேல் கழித்ததோ அதையே தேடும் என்பதால், மண்ணில் பழகிய நாய்க்குச் செய்தித்தாள் விரித்துப் பயனில்லை. அது வழக்கமாகக் கழிக்கும் இடத்து மண்ணையே ஓர் அகன்ற தட்டில் பரப்பி, போர்ட்டிகோவிலோ துணி துவைக்கும் இடத்திலோ வைத்து, சில நாள்கள் கழுத்துப்பட்டியோடு அங்கே அழைத்துச் சென்று, கழித்தவுடன் ஒரு பிஸ்கட் கொடுத்தால், கிழ நாயும் கற்கும். புது வித்தை கற்க வயதில்லை என்பது சோம்பேறி எஜமானர்களின் கற்பனை.

படுக்கைக்கு அடியில் கைக்குழந்தைக்கு விரிக்கும் ரப்பர் ஷீட்டும், அதன்மேல் ஈரத்தை உறிஞ்சும் பழைய பருத்திப் புடவை மடிப்புகளும் போதும். மருந்துக்கடையில் படுக்கை நோயாளிகளுக்கு விற்கும் உறிஞ்சு விரிப்பும் நன்றாக உதவுகிறது. டயப்பர் கட்டுவது வேண்டியபோது மட்டும் என்றிருக்கவேண்டும். சென்னையின் புழுக்கத்தில் நனைந்த டயப்பர் இரவு முழுவதும் இருந்தால் தோல் வெந்து புண்ணாகும். அப்புண்ணில் ஈ முட்டையிடுவதைத்தான் 'புழு வெச்சிருச்சு' என்கிறார்கள். முடியடர்ந்த நாயின் வாலடியில் சில நாள்களில் ஆழமாகக் குடைந்துவிடும் இந்தப் புழுக்கள், முதலில் வெளித்தெரிவது நாற்றத்தால்தான். தொடையிடுக்கு முடியைக் கத்தரித்து, தினமும் காலையில் வெதுவெதுப்பான நீரால் கழுவி, நன்கு துடைத்து உலர்த்துவதே இதற்குக் காப்பு.

தரையைத் துடைப்பதில் தமிழ் வீடுகளின் முதல் தெரிவு பினாயில். கறுப்புப் பினாயிலில் உள்ள பீனால் சேர்மங்கள் பாதத்தில் ஒட்டி, நாய் அதை நக்கும்போது வயிற்றுக்குள் போகின்றன. பிளீச்சிங் பவுடரோ, சிறுநீரிலுள்ள அமோனியாவோடு சேர்ந்து கண்ணையும் மூச்சையும் கரிக்கும் குளோரமின் வாயுவை எழுப்புகிறது. ஈரத்தை முதலில் துணியால் ஒற்றி எடுத்து, வினிகர் கலந்த நீரால் துடைத்து, பின் நொதிகள் அடங்கிய தூய்மைத் திரவத்தைச் சிறிது நேரம் ஊறவிட்டுத் துடைத்தால் நாற்றத்தின் வேரே போகும். மிச்சமிருக்கும் மணம் அந்த இடத்தையே மீண்டும் கழிப்பிடமாக நாய்க்கு அறிவிக்கும் என்பதால் இதில் சிக்கனம் பார்க்கக்கூடாது. ஐப்பசி கார்த்திகை மழையில் இன்னொரு கவனமும் வேண்டும். எலியின் சிறுநீரால் மழைத் தேக்கத்தில் பரவும் லெப்டோஸ்பைரா கிருமி நாயையும் தொற்றி, நாயின் சிறுநீர் வழியே மனிதருக்கும் வரக்கூடியது. 2015 வெள்ளத்தில் முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கியதைக் கண்ட இந்தப் பகுதியில், நாய்க்கு ஆண்டுதோறும் தடுப்பூசி போடுவதும், கையுறையோடு தரையைத் துடைப்பதும் மிகையான எச்சரிக்கைகள் அல்ல.

அடிப்பதும், மூக்கை ஈரத்தில் தேய்ப்பதும் எதையும் கற்பிப்பதில்லை. சில மணி நேரத்துக்கு முன் நடந்ததையும் இப்போது விழும் அடியையும் நாயால் இணைக்க முடியாது. அது கற்பதெல்லாம் ஆள் பார்க்காதபோது பீரோவுக்குப் பின்னால் போய்க் கழிக்கவேண்டும் என்பதே.

மருத்துவரிடம் போகும்போது நாயோடு சிறுநீரையும் கொண்டுபோவது பாதி வேலையை முடித்துவிடும். மருந்துக்கடையில் கிடைக்கும் மூடியுள்ள மாதிரிக் குப்பியில், விடிந்ததும் கழிக்கும் முதல் சிறுநீரை, நீண்ட பிடியுள்ள சுத்தமான கரண்டியால் நடுவில் ஏந்திப் பிடித்து, இயன்றவரை விரைவாகச் சேர்ப்பிக்கவேண்டும். தாமதமானால் குளிர்பெட்டியில் வைக்கலாம். அதில் பார்க்கும் ஒப்படர்த்தி எனும் எண், நீரோடு ஒப்பிடச் சிறுநீர் எவ்வளவு செறிவானது என்பதைக் காட்டுவது. நல்ல சிறுநீரகமுள்ள நாயின் காலைச் சிறுநீரில் அது பெரும்பாலும் 1.030க்கு மேல் இருக்கும், 1.008க்கும் 1.012க்கும் இடையில் அசையாமல் நின்றால் சிறுநீரகம் செறிவாக்கும் வேலையைச் செய்யவில்லை என்று பொருள். இரத்தத்தில் கிரியேட்டினின் உயர்வதற்கு ஏறத்தாழ முக்கால் பங்கு நெஃப்ரான்கள் கெடவேண்டும் என்பதால், சிறுநீர்ச் சோதனை இரத்தச் சோதனையை முந்திக்கொண்டு உண்மையைச் சொல்கிறது.

இந்தச் சோதனைக்கு வேப்பேரி வரை போகவேண்டியதில்லை. அருகிலுள்ள கால்நடை மருத்துவரே செய்வார் அல்லது செய்விப்பார். அங்குள்ள, 1903இல் தொடங்கிய சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை, இரும்புலியூரிலிருந்து ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவில் இருப்பது. ஸ்கேன், அறுவை, சிக்கலான சிறுநீரகச் சிகிச்சை ஆகியவற்றுக்கு அதை நாடலாம். இரவில் காணும் பெரும்பாலான அறிகுறிகள் மறுநாள் காலை வரை பொறுக்கும், மூன்றைத் தவிர. கருத்தடை செய்யாத பெட்டை, பருவம் முடிந்த சில வாரங்களில் மிகுதியாகக் குடித்து, சோர்ந்து, வாந்தியெடுத்தால் கருப்பையில் சீழ் சேர்ந்திருக்கலாம். வெளியே கசிவு தெரியாவிட்டாலும் அது உண்மையாக இருக்கலாம். நாய் முக்கி முக்கி நின்றும் ஒரு சொட்டும் வராவிட்டால் கல்லோ வேறெதுவோ வழியை அடைத்திருக்கிறது. பின்கால்கள் திடீரென இழுத்துக்கொண்டு, அதோடு சிறுநீரும் மலமும் தானாக வந்தால் தண்டுவடம் நசுங்கியிருக்கலாம். இந்த மூன்றில் எது நேர்ந்தாலும் விடியட்டும் என்று இருந்துவிட வேண்டாம். அப்போதே பூட்டைத் திறந்து வண்டியை எடுக்கவேண்டும்.